ரோசிலி முகர்ந்து பார்த்த மண்

ரோசிலி கிழங்கைக் கையில் எடுத்தால் முதலில் மூக்கருகே கொண்டுபோவாள். கண்ணுக்கு வேலை அதற்குப் பிறகுதான். வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் அவள் வெட்டுவதில்லை. அந்த நகத்தால் கிழங்கின் மடிப்பில் ஒட்டிய மண்ணைச் சுரண்டி உள்ளங்கையில் உதிர்ப்பாள். எச்சில் தொட்டுக் குழைத்து இரண்டு விரலுக்கு நடுவே இழுத்துப் பார்ப்பாள். "பாலத்துக்கு அந்தப் பக்கம் நட்டது. நிழல் ஜாஸ்தி, வாழைக்கு அடியில போட்டிருக்கே" என்பாள். கடைக்காரர் ஆமாம் என்று தலையாட்டுவதற்குள் மேசைக் காலில் சாக்பீஸால் ஒரு கோடு விழுந்திருக்கும். அவள் அடுத்த மேசைக்குப் போயிருப்பாள்.

வெள்ளிலைக்கொல்லி வாசகசாலை மைதானத்தில் ஒவ்வொரு கும்ப மாதமும், அதாவது மாசியில், நடக்கும் கிழங்குத் திருவிழாவுக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. கிழங்கு அந்த ஊர்ப் பஞ்சாயத்துக்குள், விற்பவர் தன் கையால் நட்டுத் தோண்டியதாக இருக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்குக் கோழிக்கோட்டிலிருந்து பஸ்கள் வந்து நிற்கும். அதற்கு முன்னால் நாற்பது மேசைகளிலும் ரோசிலியின் கோடு விழுந்தாக வேண்டும். கோடு இல்லாத மேசையில் வியாபாரம் கிடையாது.

இந்த வேலை அவளிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. திருவிழா தொடங்கிய இரண்டாம் வருஷம், யாரோ ஒருவர் மார்க்கெட்டில் வாங்கிய சேப்பங்கிழங்கை மூட்டையோடு கொண்டுவந்து வைத்துவிட்டார். மூட்டையில் வேறு மாநிலத்து மண்டியின் பெயர் நீல மசியில் பளிச்சென்று இருந்தது. வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண் அதைப் படம் பிடித்துக்கொண்டு போனாள். மூன்றாம் வருஷம் வந்தது ஒரே பஸ், அதிலும் பாதி இருக்கைகள் காலி. வாசகசாலை செக்ரட்டரி சுதாகரன் நேரே பால் சொசைட்டிக்குப் போய் நின்றார். அங்கே ரோசிலி அப்போதே பதினைந்து வருஷமாகப் பால் சோதித்துக்கொண்டிருந்தாள். கருவியைப் பாலில் விடுவதற்கு முன்பே, ஊற்றும் சத்தத்தை வைத்துத் தண்ணீர் கலந்திருப்பதைச் சொல்லிவிடுவாள் என்று ஊரில் பேச்சு. அது மிகைதான். ஆனாலும் அந்தப் பேச்சுக்குப் பயந்தே பலர் தண்ணீர் கலப்பதை விட்டிருந்தார்கள்.

ஐம்பத்தாறு வயது. குள்ளமான உருவம், வேகமான நடை. திருவிழா அன்று அவள் எங்கும் உட்காருவதில்லை. ஒரு வெல்லத் துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பால் சேர்க்காத கட்டன்சாயா குடித்தபடியே நடப்பாள். கழுவிக் கொண்டுவந்த கிழங்கைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "குளிச்சுட்டு வந்தவன்கிட்ட எந்த ஊருன்னு எப்படிக் கேக்குறது?" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். மண்ணைப் பற்றிப் பேசும்போது சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்து மேட்டு மண் கஞ்சன், கோயில் பக்கத்து மண் சோம்பேறி, ஆற்றங்கரை மண் நல்லவன்தான் ஆனால் பேச்சுக்கு நிற்கமாட்டான். இவ்வளவு கிழங்கு ஞானம் உள்ளவளுக்குச் சேனைக்கிழங்கு மட்டும் ஆகாது. ஒரு வாய் வைத்தால் நாக்கு அரித்து நாள் முழுக்க முகம் சுளித்துக்கொண்டிருப்பாள். ஊருக்கே இது தெரியும்.

இந்த வருஷம் அவள் ஐந்தாம் மேசைக்கு வந்தபோது மணி ஏழு. அது எல்சியின் மேசை. ரோசிலியின் தம்பி தோமாச்சன் இறந்து நான்கு வருஷம் ஆகிறது. எல்சி அவன் மனைவி. அவன் போன பிறகும் கீழ்ப்பறம்பு என்ற அந்தச் சரிவு நிலத்தில் தனியாகவே சேனையும் காய்வள்ளிக் கிழங்கும் நட்டு, ஒரு வருஷம் தவறாமல் ஐந்தாம் மேசையை நிறைத்து வந்தவள். ரோசிலி பிறந்து வளர்ந்ததும் அந்தப் பறம்பில்தான். அதன் மண் செங்கல் நிறம். அரிசி நொய் போன்ற வெள்ளைக் கல் கலந்தது. சின்ன வயதில் நகக்கண்ணில் ஏறி நாள் கணக்கில் வலித்த கல்.

மேசையில் சேனை மலைபோல் குவிந்திருந்தது. எல்லாம் ஒரே அளவு. மேலே சிவப்பு மண் பூசியது போல் ஒட்டியிருந்தது. ரோசிலி ஒன்றை எடுத்து முகர்ந்தாள். நகத்தை மடிப்புக்குள் விட்டாள். சிவப்புக்கு அடியிலிருந்து கறுப்பாக, பிசுபிசுவென்று, வைக்கோல் துணுக்கோடு களிமண் வந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதிலும் அதேதான்.

பக்கத்து மேசையில் கேளு தன் காய்வள்ளிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். குறிச்சியர் பழங்குடியினரின் குடியிலிருந்து வருகிற பெரியவர். அதிகம் பேசமாட்டார், ஆனால் எல்லாம் பார்ப்பார். ரோசிலி உள்ளங்கையை மூடிக்கொண்டாள். எல்சி அவள் முகத்தைப் பார்க்காமல் விலைப் பலகையைத் துடைத்தாள்.

"எடீ எல்சி, தொட்டிப் பக்கம் வா. ஒரு வாய் சாயா குடிப்போம்."

வாசகசாலைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி அருகே வைத்து ரோசிலி கையைத் திறந்து காட்டினாள். எல்சி மறுக்கவில்லை. தொட்டிச் சுவரைச் சுரண்டினாள்.

"காட்டுப்பன்னி ஒத்தக் கிழங்க முழுசா விடல, சேச்சி. ஏழெட்டு சேர்ந்து வந்துச்சு. வேலிய ஒரு பக்கமாச் சாச்சுப் போட்டுட்டு, நாலே நாள்ல பறம்ப உழுதுட்டுப் போயிடுச்சு."

"எங்கிட்ட ஏன்டீ சொல்லல?"

"சொன்னா என்ன செய்வீங்க? பன்னிக்கு மண்ணு சோதிப்பீங்களா?" எல்சி தொட்டிச் சுவரிலிருந்து கையை எடுத்தாள். "மேசைய காலியாப் போட்டா எல்சி கைவிட்டுட்டான்னு ஊரு பேசும். இஞ்சி போடுறவன் ரெண்டு தடவ வந்து குத்தகைக்குக் கேட்டுட்டான். ஒரு வருஷந்தானே, சேச்சி. ஒரு கோடு. யாருக்குத் தெரியப் போகுது?"

ரோசிலிக்கு அது உண்மை என்று தெரிந்திருந்தது. அவள் கோடு போட்டால் யாருக்கும் தெரியாது. கேளு பார்த்திருந்தாலும் வாய் திறக்கமாட்டார். தோமாச்சன் அந்தப் பறம்பில் வெற்று முதுகோடு நின்று மண்வெட்டி போடுவது ஒரு கணம் கண்ணில் வந்து போனது.

"பன்னி தின்ன மிச்சம் ஏதாவது கிடக்கா?" என்று கேட்டாள்.

"ஒரு கூடை இருக்கும். பாதியும் காலுமா. மாட்டுக்கு வேகவைக்க எடுத்து வச்சேன்."

"அதக் கொண்டு வா."

எல்சி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பன்னி எச்சிலையா மேசையில வைக்கச் சொல்றீங்க?"

"அது நம்ம மண்ணுல விளைஞ்சதுடீ. நீ நட்டது. இந்த மூட்டை யாரு நட்டதோ."

"உங்களுக்கு உங்க சாக்பீஸ்தான் பெருசு" என்று சொல்லிவிட்டு எல்சி திரும்பிப் பாராமல் நடந்தாள். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ரோசிலி மற்ற மேசைகளையும் பார்த்து முடித்தாள். ஒரு மேசையில் மண்ணை இரண்டு தடவை குழைத்தாள். முதல் தடவை எதைப் பார்த்தோம் என்பதே நினைவில்லை. வாயில் வெல்லம் கரைந்து போயிருந்தது, இன்னொன்று எடுக்கத் தோன்றவில்லை. ஐந்தாம் மேசை என்னவாயிற்று என்று சுதாகரன் கேட்டதற்கு, "சரக்கு இன்னும் வரல" என்று மட்டும் சொன்னாள். எல்சி வாங்கி வந்த சேனையை மறுபடி மூன்று மூட்டையாகக் கட்டி, யாரும் கேட்பதற்கு முன் ஒரு ஜீப்பில் ஏற்றித் தன் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். சற்று நேரத்தில் அவள் கணவர் ஔசேப்பு போன் செய்தார். மூன்று மூட்டை சேனை வந்து இறங்கியிருக்கிறதே, யாருக்கு என்று கேட்டார்.

"நமக்குத்தான். அம்பது நாள் நோன்பு வருதில்ல."

"உனக்குச் சேனை ஆகாதே."

"அம்பது நாளைக்கு ஆகும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஒன்பது மணிக்கு நான்கு பஸ்கள் வந்தன. செண்டை அடித்தார்கள். பஞ்சாயத்து ஆட்கள் பேசினார்கள். அவித்த கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சட்டினியும் ஆவி பறக்க இலைகளில் போயின. ஐந்தாம் மேசை மட்டும் விரித்த துணியோடு வெறுமையாக இருந்தது. ரோசிலி அந்தப் பக்கம் போவதைத் தவிர்த்தாள், ஆனால் எங்கிருந்து பார்த்தாலும் அது கண்ணில் பட்டது.

ஒன்பதரைக்கு எல்சி வந்தாள். இடுப்பில் கூடை, நேர்ப் பார்வை. கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, கடிபட்ட பக்கம் ஆட்களைப் பார்த்து இருக்கும்படி வைத்தாள். சிலவற்றில் பல் பதிந்த தடம் உளியால் செதுக்கியது போல் தெரிந்தது. ரோசிலி போய் ஒன்றை எடுத்து முகர்ந்து சுரண்டினாள். சிவப்பு மண், நகத்தில் கல் குத்தியது. மேசைக் காலில் கோடு போட்டாள். எல்சி வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் வந்து நின்றது குரியச்சன். ஊரில் யாருக்கு எது கெட்டாலும் அதற்கு ஒரு கிண்டல் தயாராக வைத்திருக்கிறவர்.

"என்ன எல்சி, இந்த வருஷம் முதல் பரிசு பன்னிக்குத்தான் போல."

"ஆமா குரியச்சா. நட்டது நான், தின்னது அவரு. பரிசு வாங்க வரச் சொல்லியிருக்கேன். உங்க பறம்பு வழியாத்தான் வருவாரு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குரியச்சனும் சிரித்தார். ஆனால் நகரவில்லை. ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், தன் பறம்பிலும் எண்பது மூடு மரவள்ளிச் செடி போய்விட்டதாக மெல்லச் சொன்னார். அதுவரை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அதைக் கேட்டு இன்னொருவர் தன் கணக்கைச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஐந்தாம் மேசையைச் சுற்றி ஒரு கூட்டம் நின்று பேசிக்கொண்டிருந்தது. சேர்ந்து வேலி போடுவது, முறை வைத்துக் காவல் இருப்பது என்று பேச்சு போனது. பஸ்ஸில் வந்தவர்களில் சிலர், முளை உள்ள துண்டாகப் பார்த்துப் பூந்தொட்டியில் நடுவதற்கு வாங்கிக்கொண்டார்கள். ஒரு பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனதும் உண்டு.

பகல் சாய்ந்தபோது கேளு தன் மேசையிலிருந்து ஒரு காய்வள்ளியை எடுத்து, எல்சியின் காலியான கூடைக்குள் வைத்தார். "இதுல மூணு முளை இருக்கு" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு யார் யார் எந்த விதைக்கிழங்கை வைத்தார்கள் என்று எல்சிக்கே தெரியவில்லை. திருவிழா முடியும்போது அந்தக் கூடை விளிம்பு வரை நிறைந்திருந்தது.

நாள் முழுக்க எல்சி ரோசிலியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்து மணிக்கு ரோசிலி ஸ்கூட்டரை எடுத்தபோது, வாசலில் எல்சி கூடையோடு நின்றிருந்தாள். ரோசிலி நிறுத்தினாள். எல்சி கூடையை முன்னால் கால் வைக்கும் இடத்தில் இறக்கிவிட்டு, பின்னால் ஏறி உட்கார்ந்தாள். இருவரும் அப்படியே கீழ்ப்பறம்பு வரை வந்தார்கள்.

சாய்ந்த வேலியைத் தாண்டினால், பறம்பு முழுக்க முழங்கால் ஆழத்துக்குக் குழிகள். வெயில் இறங்கிய சிவப்பு மண்ணில் அவை ஒழுங்கில்லாமல் வாய் பிளந்து கிடந்தன. ரோசிலி ஒவ்வொன்றாகப் பார்த்தபடி நடந்தாள்.

"அடுத்த நடவுக்குக் குழி வெட்டுற வேலைய பன்னியே முடிச்சுட்டுத்தான் போயிருக்கு" என்றாள் எல்சி பின்னாலிருந்து.

ரோசிலி திரும்பிப் பார்த்தாள். எல்சியின் உதட்டோரம் துடித்துக்கொண்டிருந்தது, அது சிரிப்புத்தான். ரோசிலி செருப்பைக் கழற்றினாள். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்துக் குழிக்குள் இறங்கினாள். பலாமரத்தடிச் சருகை இரண்டு கையாலும் வாரி அடியுரமாகக் குழிக்குள் போட்டு மிதித்தாள். பிறகு நிமிராமலே, இன்னும் சருகு கேட்டு எல்சியை நோக்கிக் கையை நீட்டினாள்.