பாண்டி ஆரா?

என் மனைவிக்குப் பித்தப்பையில் கல். திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். காலையில் அவளை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போன பிறகு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். கோடைமழை பெய்துகொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் கண் சொருகிவிட்டது.

தூக்கமா நினைவா என்று தெரியாத ஒரு இடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று வீசியது. நான் நாகர்கோவில்காரன். அந்தக் கணவாய்க்கு அப்பால் இருப்பதெல்லாம் எங்கள் வீட்டில் பாண்டி. அங்கிருந்து வருகிறவர்கள் பாண்டிக்காரர்கள். வேலைக்காகத் திருவனந்தபுரம் ஆரியசாலைக் கடைத்தெருவுக்கு வந்து மிளகாய் மண்டியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தச் சொல் என் மேல் வந்து உட்கார்ந்தது. தமிழ் பேசுகிற எவனும் இங்கே பாண்டிதான். சிலர் சும்மா சொல்வார்கள், சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்வார்கள்.

கதவு திறந்தது. பச்சை உடுப்பில் ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

"பாண்டி ஆரா? இவிடெ பாண்டி உண்டோ?"

மூன்று பேர் எழுந்தோம்.

எனக்கு முன்னால் எழுந்தவர் ஐம்பது வயதுக்காரர், விழிஞ்ஞம் பக்கம் கட்டட வேலை செய்கிறவர். "என் வீட்டுக்காரிக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். கால் முறிந்த மனைவியை அன்று காலைதான் உள்ளே அனுப்பியிருந்தார். அவருடைய பெயரே பாண்டி. எனக்குப் பின்னால் எழுந்தவன் ஒரு ஹோட்டலில் சப்ளையர். அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக வந்திருந்தான்.

"யாரை சிஸ்டர் பாண்டின்னு சொல்றீங்க?" என்றான். குரல் உயரவில்லை. ஆனால் காது சிவந்திருந்தது.

நர்ஸ் குழம்பிப்போனார். "ஞான் விளிச்சதல்ல. உள்ளே ஒரு பேஷன்ட் மயக்கத்திலே பறயுந்நு. பேராணெந்நு விசாரிச்சு." மயக்கத்தில் யாரோ சொன்னதை ஆள் பேர் என்று நினைத்துவிட்டாராம்.

எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டியதாயிற்று. "என்னைத்தான் சிஸ்டர். என் மனைவி என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்."

அந்தப் பையன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. எனக்காக வருத்தப்படுகிறவன் மாதிரி இருந்தது.

உள்ளே அவள் கண் மூடியபடியே கிடந்தாள். உதடு வறண்டிருந்தது. நான் கையைத் தொட்டதும், "பாண்டி, லோறி போயோ?" என்றாள்.

அவள் மலையோரத்து விதுராவில் பிறந்தவள். சிறுவயதில் சந்தைக்குக் காய்கறி ஏற்றி வரும் தமிழ்நாட்டு லாரிக்குப் பாண்டி லோறி என்றுதான் பெயராம். முகப்பில் தாமரை வரைந்து, மல்லித்தழை மணத்தோடு பனியைக் கிழித்து வந்து நிற்கும், அதைப் பார்க்கவே சீக்கிரம் எழுந்துவிடுவேன் என்று சொல்வாள். கல்யாணமான புதிதில் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டபோது இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். பிறகுதான் லாரிக் கதையைச் சொன்னாள்.

"போகல. நிக்குது," என்றேன். சிரித்த மாதிரி இருந்தது. மறுபடியும் தூங்கிவிட்டாள்.

வெளியே வந்து மூன்று டீ வாங்கினேன். பாண்டி அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "எங்க ஊர்ல தெருவுக்கு நாலு பாண்டி உண்டு. இங்க மேஸ்திரி நல்ல மனுசன், மலையாளி. என் பேரைச் சொல்லக் கூச்சப்படுறார். கேலி பண்றதா மத்தவங்க நெனச்சிருவாங்களாம். ராஜான்னு மாத்திட்டார். யாரோ ராஜாவைக் கூப்பிடுறாங்கன்னு நான் பாட்டுக்கு செங்கல் அடுக்கிட்டு இருப்பேன்."

பையன் சிரிக்கவில்லை. "உங்களுக்கு அது பேரு. எனக்கு அப்படி இல்லண்ணே. சாம்பார் வர லேட்டானா நான் பாண்டி."

எங்கோ படித்ததை நான் சொன்னேன். பண்டு என்றால் பழமை, அதிலிருந்து வந்தது என்பார்கள். வெள்ளை என்று பொருள் சொல்வோர் உண்டு. எருது என்றும் ஒரு அர்த்தம்.

"மாடா? அது வேறயா," என்றான் பையன்.

"எங்க வீட்டுப் பொண்ணுங்க கட்டம் போட்டு நொண்டி அடிப்பாங்களே, அதுவும் பாண்டிதான்," என்றார் பெரியவர். மழை விட்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அதே நர்ஸ் வந்தார். கையிலிருந்த தாளில் பேரைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "அண்ணாச்சி, வரூ."

"பாண்டின்னே கூப்பிடும்மா," என்றபடி பெரியவர் எழுந்து போனார். பையன் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு என் மனைவிக்கு விஷயம் தெரிந்தது. "அத்தனை பேர் முன்னாலயா?" என்று முகத்தைப் பொத்திக்கொண்டாள். அதன்பின் கொஞ்ச நாள் பாண்டியை விட்டுவிட்டு 'கேட்டோ', 'இங்ஙோட்டு நோக்கு' என்றெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தாள். எனக்குத்தான் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

ஒரு மாலை, டி.வி.யில் ஏதோ ஊர்க் கோயிலின் பூரத் திருவிழா. யானைகளுக்கு முன்னால் செண்டைக்காரர்கள் வரிசையாக நின்று மெதுவாக ஆரம்பித்தார்கள். அவள் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாண்டி," என்றாள்.

"என்ன?"

"உங்களை இல்ல. மேளத்தைச் சொன்னேன். இதுக்குப் பேரு பாண்டி மேளம்."

நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். செண்டை கொஞ்சம் கொஞ்சமாக வேகம் பிடித்தது.