பர்லியாருக்குக் கீழே போன சோடா

ஊட்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு சோடா கம்பெனி இருந்தது. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை, ஒரு காஸ் சிலிண்டர், கையால் சுற்றும் மெஷின், கொஞ்சம் கோலி சீசாக்கள், நான், என் வீட்டுக்காரர். அவர் காஸைத் திறந்து மீட்டர் முள்ளைப் பார்ப்பார். நான் சீசாக்களை மாட்டிக் கைப்பிடியைச் சுற்றுவேன். முகத்துக்குக் கம்பி வலை, கைக்குக் கோணிச் சாக்கு.

குளிர்ந்த தண்ணீர் எவ்வளவு காஸ் கொடுத்தாலும் வாங்கி அடக்கிக்கொள்ளும். சூடு பட்டால் அத்தனையும் வெளியே வரத் துடிக்கும். அதனால் ஊருக்குள் விற்கிற சோடாவுக்கு ஒரு அளவு, மலைப்பாதையில் பர்லியாரைத் தாண்டிக் கீழே வெயில் ஊருக்குப் போகிற சோடாவுக்கு அதில் பாதி என்று வைத்திருந்தார். கீழே போகிற பெட்டியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடுவார்.

என் தங்கையை வளர்த்தது நான்தான். அவளுக்கு மேட்டுப்பாளையத்தில் மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயத்துக்கு இரண்டு பெட்டி சோடா கொண்டுபோனோம், கோடு போட்ட பெட்டி. மாப்பிள்ளையின் மாமா ஒன்றை உடைத்துக் குடித்துவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஏனுங்க, பச்சத்தண்ணியாட்டம் இருக்குது? மலை மேல காஸுக்குப் பஞ்சமுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். ஒரு வாய்ச் சோடாவுக்காக ஒரு மாதம் மனதுக்குள் அந்த ஆளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் மாசியில். அதற்கு முந்தின நாள் விடியும்போது வெளியே புல்லெல்லாம் பனி உறைந்து வெளுத்திருந்தது. தொட்டித் தண்ணீரில் கை விட்டால் விரல் மரத்துப்போனது. அவர் முள்ளைப் பாதியில் நிறுத்தி, ஆறு பெட்டியிலும் கோடு போட்டார். "இது போதும் புள்ள, இதுக்கு மேல வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஜீப் பேசப் போனார்.

அவர் தலை மறைந்ததும் நான் முள்ளை ஊட்டி அளவுக்கு ஏற்றினேன். அதற்கு மேலும் ஏற்றினேன். இப்போது குடித்துப் பார்க்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினேன்.

அன்றைக்கே மேட்டுப்பாளையத்து மண்டபத்தின் பின்வாசலில் பெட்டிகளை இறக்கினார்கள். மத்தியானம் அங்கே வெயில் வந்து விழுந்ததை யாரும் கவனிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்ததும் நான் தங்கையிடம் போனேன். "போய் ஒரு சோடா எடுத்துட்டு வா. உன் கையாலயே அந்த மாமாவுக்குக் குடு. இப்பச் சொல்லச் சொல்லு பாக்கலாம்" என்றேன். கல்யாணப் பெண்ணைப் போய் வேலை ஏவலாமா என்று யாரோ கேட்டார்கள். நான் காதில் வாங்கவில்லை.

அவள் குனிந்து சீசாவைத் தொட்டபோது அது வெடித்தது. அவள் கத்தக்கூட இல்லை. "அக்கா" என்று மட்டும் கூப்பிட்டாள்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். "சகுனம் சரியில்லீங்க" என்று மரியாதையாகவே சொல்லிவிட்டு மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போனார்கள். திருஷ்டி என்றார்கள் சிலர். சீசாவில் விரிசல் இருந்திருக்கும் என்றார்கள் மற்றவர்கள். நானும் ஆமாம், விரிசல்தான் என்றேன்.

மிச்சச் சீசாக்களை என் வீட்டுக்காரர் திறந்தார். முதல் சீசாவிலிருந்து சோடா அவர் தலைக்கு மேல் சீறியது. அவர் பெட்டியில் போட்ட கோட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அத்தனையையும் சாக்கடையில் ஊற்றினார். திட்டியிருந்தால், அடித்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். சாகும்வரை அதைப் பற்றி அவர் வாய் திறக்கவே இல்லை.

தங்கை எங்களோடு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு வேறு வரன் வரவில்லை. சீசா கழுவுவது அவள் வேலையாயிற்று. ஒவ்வொன்றையும் கழுவி, ஜன்னல் வெளிச்சத்தில் இடது கண்ணுக்கு நேராகப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். துளி கீறல் தெரிந்தாலும் ஒதுக்கிவிடுவாள். "ஒரு விரிசல் என் கண்ணத் தின்னுருச்சு. இன்னொருத்தருக்கு அப்படி ஆகக் கூடாதுல்ல" என்பாள். பல வருஷம் இதையே கேட்டுக்கொண்டு, நான் பக்கத்தில் நின்று கைப்பிடியைச் சுற்றியிருக்கிறேன். சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வரும். அவளும் என்னை விட்டுப் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்ற பயத்தில் விழுங்கிவிடுவேன்.

போன வாரம் ஒரே மூடுபனி. அவள் ஒரு சீசாவை வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"மங்கலாத் தெரியுதுக்கா. உனக்குத்தான் ரெண்டு கண்ணு இருக்குதுல்ல, நீயே பாரு. விரிசல் இருக்குதா?"

வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"இல்ல சாமி" என்றேன். "விரிசல் இல்ல."