வாசலில் இரண்டு குவியல்

திங்கள் முதல் வெள்ளி வரை இமெல்டா பென்ரோஸ் பகுதியில் ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவார். அங்கே அவர் பெயர் ‘மெல்’. மன்னாரில் பதினோரு வருடம் பாடம் சொல்லிக்கொடுத்தவரை டீச்சர் என்று கூப்பிட ஆக்லாந்தில் இருந்தது சனிக்கிழமைக் காலை மட்டும்தான். மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு ஹால், பதினான்கு பிள்ளைகள், தமிழ் வகுப்பு. என் வீட்டுக்காரர் பாஸ்கரன் மட்டும் அவரை ‘அந்தம்மா’ என்பார்.

பதினான்கில் ஏழு பேர் இலங்கைப் பிள்ளைகள், ஏழு பேர் எங்கள் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஏழு என்றுதான் உட்காருவார்கள். வாசலில் கழற்றிப் போடும் ஷூக்கள்கூட இரண்டு குவியல். யாரும் சொல்லித்தரவில்லை, எங்களைப் பார்த்துப் பழகியதுதான். 1996இல் பெற்றோருக்குள் மனக்கசப்பு முற்றி, பாஸ்கரன் தனி வகுப்புக்கு ஆள் திரட்ட ஆரம்பித்திருந்தார். பத்துப் பிள்ளைகளுக்குக் குறைந்தால் ஹால் கிடையாது. எங்கள் ஏழு பேர் விலகினால் வகுப்பை மூட வேண்டியதுதான். இமெல்டா வாரம் முழுக்க ‘மெல்’ ஆகிவிடுவார்.

அந்தச் சனிக்கிழமை அவர் குழுவேலை வைத்தார். குழுவுக்கு ஒரு பெரிய காகிதம், ஒரே கத்தரிக்கோல், ஒரே பசை டப்பா. ஒருவர் வெட்ட ஒருவர் ஒட்ட, எல்லோரும் சேர்ந்து ஒரு தெரு செய்ய வேண்டும். பாரபட்சம் என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாதே என்று பதிவேட்டின் அகரவரிசைப்படி இரண்டு குழுவாகப் பிரித்தார். அங்கேதான் வந்தது வினை. ஜனுஷா, ஜெரோஷன், ஜெனிஸ்ரன்... அந்த வருடங்களில் இலங்கை வீடுகளில் ‘ஜ’வை விட்டால் பிள்ளைக்குப் பெயரே இல்லை. அத்தனை பேரும் ஒரே குழுவில் போய் உட்கார்ந்தார்கள்.

பெயர்களை வாசித்து முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. நிமிர்ந்தார். வாசலில் பாஸ்கரன், பக்கத்தில் நான்.

“பாத்தியா சுந்தரி? அவங்க பசங்கள தனியாப் பிரிச்சு வச்சிருக்காங்க. லக்ஷ்மி, கிளம்பு!” என்று மகளுடைய ஷூக்களை இவரே கையில் எடுத்துக்கொண்டார்.

லக்ஷ்மிப்ரியா எழுந்தாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். இமெல்டா பதிவேட்டை மூடி வைத்தார். அது வெறும் பிசகு என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் இவரோடு சண்டை போடப் பயம். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

“ஒரு நிமிசம் பொறுங்கோ,” என்றார் இமெல்டா. “பிழை என்னிலதான். குழுவை மாத்துவம். லக்ஷ்மி, வாசலுக்குத்தானே போறீங்கள்? உங்கட பக்கத்துப் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போங்கோ. மற்றப் பக்கத்துக் குவியல்ல ஆளுக்கொரு சப்பாத்து எடுங்கோ. சப்பாத்துக்காரர்தான் உங்கட கூட்டாளி.”

ஏழு பேரும் ஓடினார்கள். லக்ஷ்மி சேறு காயாத ஒரு ஃபுட்பால் ஷூவை மூக்கைப் பொத்திக்கொண்டு தூக்கினாள்.

“ஹூஸ் இஸ் திஸ்? இட் ஸ்டிங்க்ஸ்!”

“மைன்!” என்று ஜெரோஷன் கை தூக்கினான். இரண்டு பக்கமும் சிரித்தது. பாஸ்கரன் சிரிக்கவில்லை.

“லக்ஷ்மி, நான் சொன்னது காதுல விழல?”

லக்ஷ்மி அப்பாவைப் பார்த்தாள், ஷூவைப் பார்த்தாள். வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லுகிறவள், தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னாள்: “அப்பா, அவன் ஷூ என்கிட்ட இருக்கு. நான் போனா அவன் யார்கூட செய்வான்?”

அப்போதுதான் எனக்கும் வாய் வந்தது. “நீங்க வேணா கார்ல இருங்க. நாங்க முடிச்சுட்டு வர்றோம்.”

அவர் என்னை முறைத்தார். பதினான்கு பிள்ளைகளும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கையிலிருந்த ஷூக்களைக் கீழே வைத்தார்.

“எத்தனை மணிக்கு முடியும், டீச்சர்?”

பன்னிரண்டு என்று சொல்ல இமெல்டா வாயெடுத்தார். சத்தம் வரவில்லை. சுவர்க் கடிகாரத்தைக் கையால் காட்டினார்.