யூனியனுக்குள் ஒரு ரப்பர்

என் வீட்டுக்காரருக்குக் குழாய் வேலை. வேலை இல்லாமல் ஒரு வீட்டுக்குள் நுழைய அந்த மனுஷனுக்குத் தெரியாது. கல்யாணத்துக்குக் கூட்டிப்போனாலும் கை கழுவுகிற இடத்தில் குனிந்து எதையாவது திருகிக்கொண்டிருப்பார். சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள், எனக்கு மானம் போகும்.

எங்கள் ஒரே மகள் வேலை கிடைத்து வெகுதூரம் போய்விட்டாள். "ஒரு தடவை வாங்கப்பா" என்று அவளும் சொல்லி வைத்தாள். "சும்மா போய் உக்காந்து என்ன பண்றது? வேலை ஏதாவது இருந்தா போலாம்" என்பார். மனசு முழுக்க அங்கேதான். சாப்பாட்டில் கை வைத்தபடி, "அவ வீட்டுல லைன் எப்படிப் போட்டிருக்கானோ" என்பார்.

போன ஞாயிறு காலை அவளே கூப்பிட்டாள். சமையலறைத் தொட்டிக்குக் கீழே ஒழுகுகிறதாம். இவருக்கு முகமெல்லாம் பல். நான் துணிப்பையைத் தேட ஆரம்பித்தேன். அவள் வீடியோவில் காட்டினாள்.

"வளைவுல இருக்கறது எல்போ, அதுல ஒண்ணுமில்ல. ரெண்டாப் பிரியுற இடத்துல டீ, அதுவும் சரியா இருக்கு. மேல ரெண்டு குழாயைச் சேர்த்திருக்கே கப்ளிங், அதுதான் விரிஞ்சிருக்கு."

"இப்ப என்னப்பா பண்றது?"

நான் வந்து மாத்தித் தரேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? சொல்லமாட்டார். கேட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

"அதை அறுத்து எடுத்துட்டு யூனியன் போடு. நாளைக்குக் கழட்டணும்னா குழாயை அறுக்க வேண்டாம், திருகினா போதும்."

கடைக்குப் போய் வாங்கி வந்தாள். அறுத்தாள், இரண்டு பக்கமும் பசை போட்டு ஒட்டினாள். "மூடித் திருகிடவாப்பா?"

யூனியனுக்குள் ஒரு ரப்பர் வளையம் உண்டு. அதை விட்டுவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும். இவரோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியதில் எனக்கும் அது தெரியும். சொல்லாதீங்க என்று கையை ஆட்டினேன். பெற்றவள் செய்கிற வேலையா இது என்று கேட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கும் என் பிள்ளையைப் பார்க்க வேண்டும். அவர் என்னைப் பார்த்தார். பிறகு போன் பக்கம் திரும்பினார்.

"உள்ள ரப்பர் வைக்கணும்மா. அப்புறம் இறுக்கு. பசை காஞ்சதும் தண்ணி விடு."

சாயங்காலம் கூப்பிட்டாள். குரலில் அவ்வளவு பெருமை.

"ஒரு சொட்டுகூட ஒழுகலப்பா. இனிமே நீங்க அவ்வளவு தூரம் அலையவே வேண்டாம்."

"நல்லதும்மா" என்றார். போனை வைக்கவில்லை. "பாத்ரூம்ல எங்கயாவது கசியுதா?"

"இல்லப்பா."

"மாடித் தொட்டியில?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்குப்பா."

"அவசரமில்ல" என்றார். "இன்னொரு தடவை நல்லாப் பாத்துச் சொல்லும்மா."