கன்னிமூலை ஓட்டை

தேவப்பிரியம் தரையில் மண்டியிட்டிருந்ததை முதன்முதலாகப் பார்த்த அன்றே, "பயல் திருந்திட்டான்வே" என்று அய்யாத்துரை அண்ணாச்சி ராயபுரம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்.

அண்ணாச்சிக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. தேவப்பிரியம் நாசரேத்துப் பக்கத்து உபதேசியாரின் மகன். காலரா வந்த ஓர் ஆண்டில், கிணற்றுக்கு மருந்து போட வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு ஊரார் ஜெபக்கூட்டம் நடத்தினார்கள். கூட்டம் முடிவதற்குள் அவருடைய தங்கை செத்துப்போனாள். அதற்குப் பிறகு அவர் கோயில் வாசலை மிதித்ததில்லை. ரசாயனம் படித்தார். மதராசுக்கு வந்தார். ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் அண்ணாச்சி ஒரு சோதனைச்சாலை வைத்திருந்தார். துறைமுகத்தில் அவர் கோணியில் கட்டிக் கப்பலேற்றும் கடலைப் பிண்ணாக்கைச் சோதித்துச் சான்று கொடுக்கும் இடம். தேவப்பிரியம் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். கடவுளே இல்லை என்று வாய்க்கு வாய் சொல்லும் மனிதர், மண்டி போட்டு மூக்கைத் தரையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

அவர் ஜெபிக்கவில்லை. மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பிண்ணாக்கில் எவ்வளவு எண்ணெய் மிச்சமிருக்கிறது என்று தெரிய, அதை ஈதரில் ஊறவைத்து வடிக்க வேண்டும். ஈதர் பார்வைக்குப் பச்சைத் தண்ணீர். ஆனால் உள்ளங்கைச் சூடு போதும், கொதிக்கத் தொடங்கிவிடும். சித்திரை மாதத்து மதராசில் அதற்குக்கூட அவசியமில்லை. அதன் ஆவி காற்றைவிடக் கனம். புகைபோல மேலே போகாமல், தண்ணீர்போலத் தரையில் வழிந்து ஊரும். எங்கோ தள்ளி ஒருவன் பீடி பற்றவைத்தால் அதைத் தேடிப்போய்ப் பிடித்து, வந்த வழியே நெருப்பாகத் திரும்பி ஓடிவரும். அந்த அறையின் ஜன்னல்களோ தலைக்கு மேலே இருந்தன. நிற்கிறவன் மூக்குக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் அவர் தினமும் மண்டியிட்டார். அறைக்குள் நெருப்பு என்பதே கிடையாது. ஈதரைச் சூடாக்க வெந்நீரை வெளியே காய்ச்சி வாளியில் கொண்டுவரச் சொன்னார். பீடியோடு வாசற்படி ஏறியவனை, கோணி வியாபாரியானாலும் கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தாவானாலும், கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்.

இவ்வளவும் போதாது என்று அவருக்குத் தெரியும். ஈதர் வேலையை நாற்புறமும் திறந்த இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

"கொல்லையில ஒரு கொட்டகை போட்டுத் தாங்க அண்ணாச்சி."

"கொல்லை கோணி காயப்போட வேணும்லா?"

"கோணியைவிட மனுஷன் மட்டமா?"

"அதை யாருவே சொன்னா? மனுஷன் உள்ள இருக்கலாம். கோணி உள்ள காயாதுல்லா."

சரி, கொட்டகை இல்லையென்றால் தரைமட்டத்தில் சுவரில் ஓர் ஓட்டையாவது வேண்டும் என்றார் தேவப்பிரியம். தரை சாய்ந்திருந்தது தென்மேற்கு மூலைக்கு. ஆவி போய்த் தேங்குவதும் அங்கேதான். தென்மேற்கு என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததும் அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"கன்னிமூலையிலயா? ஏம்வே, என்னைத் தெருவுல நிறுத்தணும்னே திருநவேலியிலேருந்து ரயிலேறி வந்தீரோ? கன்னிமூலையைத் தொறந்தா சொத்து வழிஞ்சு போயிரும்வே. மனையடி சாஸ்திரம் சொல்லுது."

"மனையடி சாஸ்திரம் எழுதினவன் ஈதரைப் பார்த்ததில்ல."

"நீரு லட்சுமியைப் பார்த்ததில்ல."

கப்பல் நிறைய சரக்கு அனுப்பும் மனிதர், கையில் கடிகாரம், மேசையில் டெலிபோன். ஆனால் சுவரில் ஒரு செங்கல் எங்கே இருக்க வேண்டும் என்பதை மட்டும், செத்துப்போன யாரோ ஒருவன்தான் வந்து சொல்ல வேண்டும். தேவப்பிரியத்துக்கு இரத்தம் கொதித்தது. ஆடி மாதம் அண்ணாச்சி ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் புறப்பட்டுப் போனார். வண்டி தாம்பரம் தாண்டியிருக்காது. அதற்குள் தேவப்பிரியம் சுத்தியலும் உளியும் எடுத்துவிட்டார்.

சோதனைச்சாலை ஆள் கமாலுதீன் தலையில் கைவைத்துக்கொண்டான். "நைனா, பெருச்சாளி வரும் நைனா."

"வரட்டும். பெருச்சாளி பீடி குடிக்காது."

ஊரிலிருந்து திரும்பிய அண்ணாச்சி ஓட்டையைப் பார்த்தார். அன்றிலிருந்து உலகத்தில் நடந்த அத்தனை கேட்டுக்கும் அதுவே காரணமானது. கால் சுளுக்கிக்கொண்டது ஓட்டையால். புயலில் கப்பல் தாமதமானது ஓட்டையால். மகளுக்குப் பேசிய சம்பந்தம் முறிந்தது ஓட்டையால்.

"அந்த மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு பொண்டாட்டி இருந்தா அண்ணாச்சி."

"அது ஓட்டை போட்ட பெறகுதானவே தெரிஞ்சுது?"

அவர் செங்கல்லை வைத்து அடைப்பார். இவர் பிடுங்கி எறிவார். ஐப்பசி வரை இந்தப் போர் நடந்தது. வேலையை விட்டுத் துரத்தவும் அண்ணாச்சிக்கு மனமில்லை. தேவப்பிரியத்தின் கையெழுத்தென்றால் வெளிநாட்டுக்காரன் மறுபேச்சில்லாமல் சரக்கை எடுத்துக்கொள்வான்.

ஓட்டையின் மறுபக்கம் ஒரு சந்து. சோதனைச்சாலை ஆட்கள் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. காத்தூன் பீவி போனாள். ரயில் நிலைய வாசலில் ஆப்பம் சுட்டு விற்றவள் அவள், அங்கே விரட்டினார்கள். மார்க்கெட் முனைக்குப் போனாள், அங்கும் விரட்டினார்கள். கடைசியாக, கடற்காற்று அடுப்பை அணைக்காதபடி மறைப்பாக ஒரு சுவர் கிடைத்தது. மழை ஓய்ந்த ஒரு காலையில் அந்தச் சுவரோரம் அடுப்பை இறக்கினாள். பக்கத்தில் சின்னதாக ஓர் ஓட்டை இருந்தது. அவளுக்கு அதனால் என்ன?

அவள் வந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். பெரிய புட்டியிலிருந்து சின்னதுக்கு ஈதரை ஊற்றிக்கொண்டிருந்த கமாலுதீனின் கை வழுக்கியது. புட்டி உடைந்து, அடியில் கிடந்த கொஞ்சம் ஈதர் தரையில் பரவியது.

"வெளியே போ! சுவிட்சைத் தொடாதே!" என்றார் தேவப்பிரியம். கமாலுதீன் ஓடினான். கதவை விரியத் திறந்துவிட்டு அவரும் வெளியே வந்து நின்றார். அவருக்குள் ஒரு பெருமிதம்கூட எழுந்தது. ஆவி இந்நேரம் ஓட்டை வழியாக ஓடிக்கொண்டிருக்கும். அண்ணாச்சி வரட்டும், நாலு வார்த்தை கேட்கலாம்.

அப்போதுதான் சந்திலிருந்து ஒரு அலறல் கேட்டது.

சுற்றிக்கொண்டு ஓடினார். காத்தூன் பீவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புருவம் இரண்டும் கருகிப்போயிருந்தன. சேலை முந்தானையில் ஒரு கை அகலத்துக்குத் துணியில்லை. அடுப்பிலிருந்து ஓட்டையை நோக்கி மண்மேல் ஒரு நீலத் தீ ஓடி, சுவரைத் தொடுமுன் அணைந்துபோனதாகச் சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள்.

"இன்னா நைனா, உள்ள இன்னாத்தக் காய்ச்சிகினு கீறீங்க? ஆப்பச் சட்டி இத்தோ கீது, என் புருவம் எங்க போச்சு?"

"அல்லா காப்பாத்தினாரு" என்றது கூட்டம். அல்லா காப்பாற்றவில்லை, புட்டியில் ஈதர் கொஞ்சமாக இருந்தது, அவ்வளவுதான் என்று சொல்ல வாயெடுத்து, தேவப்பிரியம் மூடிக்கொண்டார். ஆவி போனால் போதும் என்று நினைத்தாரே ஒழிய, எங்கே போகும் என்று ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மனிதர்கள் இருப்பது அண்ணாச்சியின் சாஸ்திரத்தில் மட்டுமல்ல, அவருடைய விஞ்ஞானத்திலும் விட்டுப்போயிருந்தது.

அண்ணாச்சி வந்தார். பார்த்தார். ஒரே வார்த்தையில் தீர்ப்பு சொன்னார். "அந்தப் பொம்பளையைக் கெளப்பி விடும்."

காத்தூன் பீவி அடுப்புச் சாம்பலை வாரத் தொடங்கினாள். விரட்டினால் எழுந்து போவது அவளுக்குப் பழகிப்போன காரியம். "இதுவும் பூடுச்சா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"நீ உட்காரு பீவி," என்றார் தேவப்பிரியம். "நெருப்பு உன்னுடையது இல்லை. எங்களுடையது." அண்ணாச்சி பக்கம் திரும்பினார். "இவளை விரட்டினா நாளைக்கு இன்னொருத்தி வருவா. அவளை விரட்டினா பீடிக்காரன் வருவான். தெருவையே காலி பண்ணச் சொல்லுவீங்களா? விஷத்தை வச்சிருக்கிறவன்தான் விலகணும். ஓட்டையை நானே அடைச்சிருதேன். கொல்லையைக் குடுங்க."

அண்ணாச்சிக்குக் காதில் விழுந்தது பாதிதான். "என்ன சொன்னீரு? கன்னிமூலையை அடைக்கீரா? நீரே?"

"கொல்லையில கொட்டகை போட்டாத்தான்."

"போடுவோம்வே! இன்னைக்கே போடுவோம்!"

கோணிகள் எங்கே போயினவோ, சாயங்காலத்துக்குள் கொல்லை காலியானது. இரண்டு ஆண்டு கெஞ்சியும் மனிதனுக்குக் கிடைக்காத கொட்டகை, ஒரு மூலைக்காகக் கிடைத்தது. நாலு மூங்கில், மேலே தகரம், எட்டத்தில் சுற்றிலும் மதில், நடுவில் காற்று. அதுதான் வேண்டியிருந்தது. தேவப்பிரியத்துக்குச் சந்தோஷப்படுவதா, தலையிலடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. சாந்துக்கரண்டியோடு மண்டியிட்டுக் கடைசிச் செங்கல்லை வைக்கும்போது பின்னால் கற்பூர வாடை வந்தது. திரும்பினார். அண்ணாச்சி தட்டில் தேங்காயும் கற்பூரமும் ஏந்தி நின்றார். கையில் தீப்பெட்டி.

"அண்ணாச்சி! புட்டியெல்லாம் இன்னும் இந்த அறையிலதான் இருக்கு!"

"ஒரு சூடம்தானவே?"

தீப்பெட்டியைப் பிடுங்கி, சாந்துக் கலவைக்குள் போட்டுக் குழைத்துவிட்டார். அந்தச் சுவரைப் பின்னாளில் இடிப்பவன் உள்ளே தீக்குச்சிகளைக் கண்டு, இதென்ன சாஸ்திரம் என்று குழம்பப்போகிறான்.

அடுத்த வாரம் கப்பல் சொன்ன நாளில் வந்தது. அதற்கடுத்த மாதம் மகளுக்கு வேறு சம்பந்தம் கூடியது. ராயபுரத்தில் எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் அண்ணாச்சிக்கு அதே பேச்சு: "கடவுள் இல்லைன்னு சொன்ன பயல்வே! அவனே மண்டி போட்டுக் கன்னிமூலையை அடைச்சான்."

இதைக் கேட்ட ஒரு காலையில் தேவப்பிரியம் சந்துக்குள் வந்து, சுவரோரம் உட்கார்ந்து, கத்தித் தீர்த்தார். கனமான ஆவியைப் பற்றி, கோணியைப் பற்றி, அந்த மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே இருந்த பொண்டாட்டியைப் பற்றி. காத்தூன் பீவி மாவை ஊற்றி மூடி போட்டாள். புருவம் பாதி முளைத்திருந்தது.

"இன்னா நைனா, டெய்லி பேஜாரு. நீ அடச்சியா இல்லியா?"

"அடைச்சேன். ஆனா எதுக்குன்னு..."

"நான் குந்திகினு கீறனா இல்லியா?"

தேவப்பிரியம் அடுப்பைப் பார்த்தார். வாய் அடங்கவில்லை. ஆப்பத்தை விண்டு வாயில் போட்டுக்கொண்டே, மனையடி சாஸ்திரம் எழுதினவன் மீது மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.