தொப்பி இல்லாத சிலிண்டர்

பெரம்பலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றுக்கு நான் ஆர்கான் கேஸ் சிலிண்டர் இறக்கப் போவேன். அங்கே ஆய்வுக்கூடத்து மேடம் ஒல்லியான ஆள். சிலிண்டர் வால்வின் மேலுள்ள இரும்புத் தொப்பியைத் திருகிப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார்.

"ஊசி ஓட்டை வழியா வெற்றிடத்துக்குள்ள விட்டா, கேஸ் சத்தத்தை விட வேகமாப் பாயும்ண்ணே. அப்பதான் அடங்கிக் குளுந்து போவும்," என்றார் ஒருநாள், இந்த கேஸ் எதற்கு என்று நான் கேட்டபோது.

"பாயறது எப்படிங்க மேடம் அடங்கும்?"

"அணுவெல்லாம் ஒரே பக்கமா, ஒரே வேகத்துல ஓடுதுல்ல, ஒன்னையொன்னு இடிச்சுக்காது."

தொப்பி இறுகிக்கொண்டால் நேரமாகும் என்று மற்ற இடங்களில் வண்டியிலேயே கழற்றிவிடுவது எங்கள் பழக்கம். ஒரு மதியம், அவர் வாசலுக்கு வருமுன்பே நான் அப்படி உருட்டிப்போன சிலிண்டர் படியில் சாய்ந்து, வால்வு முறிந்து கேஸ் பீறிட்டது. ஓடிவந்த மேடம் என் சட்டையைப் பிடித்துத் தரையில் தள்ளித் தானும் விழுந்தார். நான் நின்ற இடத்தைக் கடந்து சிலிண்டர் சீறிப்போய்ச் சுவரைப் பிளந்தது. செங்கல் தெறித்து அவர் நெற்றியில் ரத்தம் வழிந்தது. எழுந்தவர் என் கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

ஆபீஸ்காரர்கள் ஓடிவந்தார்கள். "எவன்டா தொப்பியக் கழட்டுனது? இனிமே இந்தப் பக்கம் வராத!"

"அடிக்க வேண்டியத நான் அடிச்சாச்சு. அவரு வருவாரு," என்றார் மேடம், பதறாமல்.

இப்போதும் போகிறேன். தொப்பியைக் கழற்றுவதில்லை. அப்படிப் பாய்ந்தவர் அந்த நொடியே எப்படி அடங்கினார் என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.