முதல் குடி

விக்டோரியா ஏரியின் நடுவே கிடந்த அந்தப் பாறைத் தீவைக் கென்யாவும் தன்னுடையது என்றது, உகாண்டாவும் தன்னுடையது என்றது. சுற்றிலும் மீன் வளம் அப்படி. தகரக் கொட்டகைகள் நெருக்கியடித்து நின்ற அந்தப் பாறையில் அவுவோர் மீன் பொரித்து விற்றாள். கென்யாக்காரி, விதவை. கைப்பக்குவத்தில் யாருக்கும் இளைத்தவள் அல்ல.

பக்கத்துக் கடை நபிர்யே என்ற உகாண்டாக்காரியுடையது. உகாண்டா போலீஸ் வந்து நட்ட கொடிக்கம்பம் அவள் வாசலுக்கு நேராக அமைந்துவிட்டது. போலீஸ்காரர்கள் அவளிடம் சாப்பிட்டார்கள். அவர்களைப் பார்த்துப் படகுக்காரர்களும் அங்கேயே போனார்கள். தன் ஊர் ஆட்களே தன் அடுப்பைத் தாண்டிப் போனபோது அவுவோருக்கு வயிறு எரிந்தது. நபிர்யே சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று பட்டது. சும்மா இருந்தால் திமிர் என்று பட்டது.

ஒரு நாள் இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே படகில் வந்து தீவை அளந்தார்கள். கென்ய அதிகாரி கேட்டார்:

"இங்க முதல்ல குடிவந்தது யாரும்மா?"

"நான்தான் ஐயா," என்றாள் அவுவோர். "நான் வந்தப்ப வெறும் பாறையும் பறவை எச்சமும்தான். இவ அப்புறமா வந்தா."

உண்மையில், நனைந்த மூட்டையோடு கரையேறிய அவுவோருக்குத் தன் கொட்டகையில் பாதியை விட்டுக்கொடுத்தவள் நபிர்யே. எட்டு மாதம் ஒரே பாயில் படுத்தவர்கள்.

உகாண்டா அதிகாரி நபிர்யேயைப் பார்த்தார். "நீ என்ன சொல்ற?"

நபிர்யே சட்டியில் மீனைத் திருப்பிப் போட்டாள். "அக்கா சொன்னபடி எழுதிக்குங்க."

அவர் முகம் சுளித்தார். ஆனாலும் மத்தியானம் இரு நாட்டாரும் நபிர்யே கடையிலேயே உகாலிக் களியும் மீனும் சாப்பிட்டுவிட்டுப் படகேறினார்கள்.

அவுவோரால் பொறுக்க முடியவில்லை. நேரே போய் நின்றாள்.

"ஏண்டி, நான் சொன்னது பொய்னு ஏன் சொல்லல?"

"சொன்னா உன்னைப் பொய்க்காரின்னு எழுதுவாங்க. போலீஸ் அடுத்த படகுலயே உன்னை ஏத்தி விட்டுரும்."

"ஓ, பெரிய மனுஷி ஆயிட்டியாக்கும்."

"அதுவும் உனக்குப் பொறுக்கல, இல்லக்கா?"

அவுவோர் விருட்டென்று தன் கடைக்குத் திரும்பினாள்.

தீவு யாருடையது என்று இன்னும் முடிவாகவில்லை. ஏதோ அலுவலகத்தில் முதல் குடி அவுவோர் என்று எழுதிக் கிடக்கிறது. அவளோ அதிகாரிகள் வந்துபோன மறுநாள் காலை அடுப்பு மூட்டுவதற்கு முன், பக்கத்துக் கடையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தகர இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். பெஞ்சில் இடமில்லை.